மூன்றாவது கிழமைக் காய்ச்சல்: அப்லேசனுக்குப் போகும் ஓர் அம்மாவுக்காக

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 58 வயது. இரண்டு வருடமாக நெஞ்சு திடீர் திடீரென்று படபடக்கும். சில வேளை அரை நாள் நிற்கும், பிறகு தானாக அடங்கும். இ.சி.ஜி.யில் ஏ.எஃப். (இருதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிப்பது) என்று பிடிபட்டு, இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரினும் துடிப்பை அடக்கும் குளிசையும் போகிறது. இப்போது கொழும்பில் கதீற்றர் அப்லேசன் செய்யத் திகதி கொடுத்திருக்கிறார்கள். மெல்லிய குழாயை (கதீற்றரை) இருதயத்துக்குள் விட்டு, பிழையான துடிப்புக்குக் காரணமான இடத்தைச் சுட்டு அடக்கும் சிகிச்சை அது. வெளிநாட்டு மாமா இன்டர்நெற்றில் வாசித்துவிட்டு, "இருதயத்தில் ஓட்டை விழும், சாப்பாட்டுக் குழாய் எரிந்துபோகும்" என்று போனில் சொல்லிவிட்டாராம். அம்மா இப்போது போகவே மாட்டேன் என்கிறார். மாமா சொல்வது உண்மையா, உண்மையென்றால் வன்னியில் இருக்கும் நாங்கள் என்ன செய்வது, வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு அம்மா போகலாமா என்பதுதான் கேள்வி.

மாமா சொன்ன இரண்டும் உண்மை. எத்தனை பேருக்கு வரும், எந்த நாளில் வரும், அந்த நேரம் பக்கத்தில் யார் நிற்பார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. நான் கொழும்பில் ஒரு கத் லாப்பில், அதாவது இந்தச் சிகிச்சை செய்யும் அறையில், ஒன்பது வருடம் நேர்ஸாக இருந்துவிட்டு மாற்றம் எடுத்து ஊருக்கு வந்தவள். லாப்புக்குள் நடக்கும் சிக்கல்களைப் பற்றி எனக்குப் பெரிய பயம் இல்லை. அங்கே ஆறேழு பேர் கண் வெட்டாமல் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஊருக்குத் திரும்பி, எல்லாம் முடிந்தது என்று இருக்கும்போது வருகிற ஒன்றுதான் எங்கள் பக்கத்து ஆட்களை நினைத்து எனக்குப் பயம் தருவது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். அப்லேசன் என்பது ஒரே சிகிச்சையின் பெயர் இல்லை. இளம் பிள்ளைகளுக்கும் வருகிற எஸ்.வி.ரி. என்ற படபடப்புக்கும் அப்லேசன்தான், உங்கள் அம்மாவின் ஏ.எஃப்.புக்கும் அப்லேசன்தான். எஸ்.வி.ரி.யில் பெரும்பாலும் இருதயத்தின் வலப்பக்கத்திலேயே வேலை முடிந்துவிடும். நூறில் 95 பேருக்கு மேல் சுகமாகிவிடுவார்கள். அதில் நாங்கள் கவனிக்கிற அரிதான சிக்கல் வேறு. சுடவேண்டிய இடத்துக்கு மிக அருகில், சில மில்லிமீற்றர் தள்ளி, மேலறையிலிருந்து கீழறைக்கு மின்சாரம் கடத்தும் முடிச்சு இருக்கிறது. அது சூடுபட்டுவிட்டால் கடத்தல் நின்று, பேஸ்மேக்கர் வைக்கவேண்டி வரலாம். நூறில் ஒருவர், அல்லது அதற்கும் குறைவு. திரையில் ஒரு துடிப்பு பிசகினாலும் டொக்டர் சூடு கொடுக்கும் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவார். அந்த அறையில் அந்த ஒரு நிமிடம் ஒருவரும் கதைக்கமாட்டார்கள்.

இந்த முழுச் சிகிச்சையும் ஒரு விபத்திலிருந்து வந்தது என்பதை நான் ரசிப்பதுண்டு. 1970களின் கடைசியில் பிரான்சில் ஒரு நோயாளிக்கு வெளியிலிருந்து ஷொக் கொடுத்தபோது, உள்ளே இருந்த கதீற்றர் வழியாக மின்சாரம் பாய்ந்து அந்தக் கடத்தும் பாதை அறுந்துவிட்டது. தவறுதலாக நடந்ததை வேண்டுமென்றே செய்தால் என்ன என்று யோசித்தவர்களில் அமெரிக்காவின் மெல்வின் ஷைன்மன் ஒருவர். மனிதரில் அதைச் செய்து காட்டியதை 1982இல் அவர் வெளியிட்டார். ஷொக்குப் பதிலாக ரேடியோ அலைச் சூடு வந்தது பிறகு. 1998இல் பிரான்சின் போர்தோ நகரத்து மிஷேல் ஹைசகேரும் அவருடைய குழுவும், ஏ.எஃப்.பைக் கிளப்பிவிடும் பொறிகள் பெரும்பாலும் நுரையீரலிலிருந்து இருதயத்துக்கு இரத்தம் கொண்டுவரும் நாளங்களுக்குள்தான் இருக்கின்றன என்று காட்டினார்கள். அதை வைத்துத்தான் உங்கள் அம்மாவுக்கும் செய்யப்போகிறார்கள். அந்த நாள வாய்களைச் சுற்றிச் சுட்டு, அல்லது உறையவைத்து, ஒரு வேலி அடைப்பது. பொறி வேலிக்கு அந்தப் பக்கமே அடங்கிப்போகும்.

இடம்தான் பிரச்சினை. அந்த நாளங்கள் வந்து சேர்வது இடது மேலறைக்கு. தொடை மடிப்பிலுள்ள நாளத்தால் ஏற்றுகிற கதீற்றர் வலது மேலறைக்குத்தான் போய்ச் சேரும். அங்கிருந்து இடப்பக்கம் போக, இரண்டுக்கும் நடுவிலுள்ள சுவரை ஊசியால் துளைக்கவேண்டும். இடது மேலறையின் சுவரோ மெல்லியது, பல இடங்களில் 2 முதல் 4 மில்லிமீற்றர்தான். அதன் முதுகோடு ஒட்டினாற்போல் சாப்பாட்டுக் குழாய் இறங்குகிறது. மாமா வாசித்த இரண்டு பயமும் இந்த உடலமைப்பிலிருந்துதான் வருகின்றன.

ஓட்டையை எடுப்போம். ஊசி கொஞ்சம் தள்ளிப்போனாலோ, கதீற்றர் சுவரை அழுத்தினாலோ, சூடு கூடித் தசைக்குள் இருக்கும் நீர் கொதித்து வெடித்தாலோ இருதயச் சுவரில் ஒரு சின்னத் துளை விழலாம். அந்த வெடிப்பை "ஸ்டீம் பொப்" என்பார்கள். தாச்சியில் கடுகு வெடிப்பதுபோல் ஒரு சத்தம், சில நேரம் எங்களுக்கே கேட்கும். துளையால் கசியும் இரத்தம் இருதயத்தைச் சுற்றியிருக்கும் பையில் தேங்கும். பை சட்டென்று விரியாது. 150, 200 மில்லிலீற்றர் திடீரென்று சேர்ந்தாலே போதும், வெளியிலிருந்து நெருக்கி, இருதயம் விரிந்து இரத்தத்தை உள்ளே எடுக்கவிடாது. கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும் மெஷினை நினைத்துப் பாருங்கள். மெஷினில் ஒரு பிழையும் இல்லை, உறிஞ்சும் குழாயை யாரோ மிதித்துக்கொண்டு நின்றால் தண்ணீர் எங்கே வரும்? டொக்டர்மார் இதை டம்பொனேட் என்பார்கள்.

எங்களுக்கு முதலில் தெரிவது பிரஷர் இறங்குவது. எக்ஸ்ரே திரையில் இருதயத்தின் ஓரம் வழமைபோல் துள்ளாமல் அசைவற்று நிற்கும். உடனே எக்கோ வைத்துப் பார்த்து, நெஞ்செலும்பின் நுனிக்குக் கீழால் ஊசி ஏற்றி, குழாய் விட்டு இரத்தத்தை எடுத்துவிடுவார்கள். முதல் 50 மில்லிலீற்றர் வெளியே வந்தவுடனேயே பிரஷர் ஏறுவதைப் பார்க்கலாம். இரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பரின் கொடுத்திருப்பார்கள், அதை முறிக்க புரோட்டமின் ஊசி போடுவார்கள். புரோட்டமின் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் முல்லைத்தீவு ஆட்கள் சிரிப்பீர்கள். சமன் மீனின் விந்திலிருந்து எடுக்கிற புரதம் அது. அதனால்தான் உங்களிடம் மீன் ஒத்துக்கொள்ளாதா என்று முன்கூட்டியே கேட்பார்கள். அது சாப்பாட்டுக்கான கேள்வி இல்லை. பெரும்பாலானோருக்குக் குழாயோடு காரியம் முடிந்துவிடும். நெஞ்சைத் திறந்து தைக்கவேண்டி வருவது சிலருக்குத்தான்.

எத்தனை பேருக்கு? 2019இல் வெளியான கபானா என்ற பெரிய ஆய்வில், ஏ.எஃப். அப்லேசன் செய்தவர்களில் நூற்றுக்கு 0.8 பேருக்கு டம்பொனேட் வந்தது. ஏறக்குறைய 125 பேருக்கு ஒருவர். இறப்பைப் பற்றிக் கேட்டால், இத்தாலியின் ரிக்கார்டோ கப்பாற்றோவும் சகாக்களும் 2009இல் வெளியிட்ட உலகளாவிய கணக்கைச் சொல்லலாம். 32,569 நோயாளிகளில் 32 பேர் இறந்தார்கள். ஆயிரத்துக்கு ஒருவர். அந்த 32 பேரில் 8 பேர் டம்பொனேட்டால், 5 பேர் பாரிசவாதத்தால், இன்னும் 5 பேர் சாப்பாட்டுக் குழாய்ப் பிரச்சினையால். அது பழைய காலக் கருவிகளோடு எடுத்த கணக்கு. ஆனாலும் நான் நோயாளிகளுக்கு இதைத்தான் சொல்வேன், குறைத்துச் சொல்வதில்லை.

இனி, மாமாவும் வாசித்திருக்கமாட்டார் என்று நான் நினைக்கும் சில. சுவரைத் துளைக்கும் அந்த நேரத்தில் இ.சி.ஜி. திடீரென்று மாரடைப்புப்போல் மாறுவதுண்டு. கோடு மேலே எழும்பும், துடிப்புக் குறையும், பிரஷர் இறங்கும். புதிதாக வந்த நேர்ஸ் என்றால் கை நடுங்கிப்போகும். எனக்கும் நடுங்கியது. இதற்குக் காரணம் இரண்டு இருக்கலாம். ஒன்று, சுவரைத் தொட்டதால் நரம்பு காட்டும் ஒரு எதிர்வினை. அற்றோப்பீனும் சேலைனும் கொடுக்க, சில நிமிடத்தில் தானாக அடங்கிவிடும். மற்றது காற்று. மயக்க மருந்தில் நோயாளி குறட்டைவிட்டுப் படுத்திருப்பார். மூச்சு அடைபட்டு ஒரு முறை ஆழமாக இழுத்தால் நெஞ்சுக்குள் அமுக்கம் குறைந்து, இடது மேலறைக்குள் இருக்கும் குழாய் வெளிக் காற்றை உறிஞ்சிவிடும். மெஷின் "எயார் இழுத்தது" என்று எங்கள் ஊரில் சொல்வதே நடக்கிறது, இடம்தான் வேறு. உள்ளே போன காற்றுக் குமிழி எங்கே போகும்? மல்லாந்து படுத்திருப்பவருக்கு, இருதயத் தசைக்கே இரத்தம் கொடுக்கும் வலது முடியுருநாடியின் வாய்தான் மேலே பார்த்தபடி இருக்கும். குமிழி மேலேதான் மிதக்கும், நேரே அதற்குள் போய்விடும். இருதயத்தின் அடிப்பக்கம் சிறிது நேரம் இரத்தம் இல்லாமல் திணறும். ஒட்சிசனைக் கூட்டி, பிரஷரைத் தூக்கி வைத்துக் காத்திருந்தால் பெரும்பாலும் குமிழி கரைந்து கோடு கீழே இறங்கிவிடும். அதே குமிழி மூளைக்குப் போனால் விஷயம் பாரதூரமானது. அதனால் குழாயைக் கழுவுவதும் குமிழி பார்ப்பதும் எங்களுக்குக் கோயில் பூசைபோல், ஒரு படி தவறக்கூடாது.

முடியுருநாடி இறுகிப்போவது இன்னொன்று. சூட்டாலும் வரும், இப்போது புதிதாக வந்திருக்கும் மின்துடிப்பு அப்லேசனிலும் வரும். நாடிக்குப் பக்கத்தில் துடிப்பைக் கொடுத்தால் அது சுருங்கிக்கொள்ளும், நைற்றிரோகிளிசரின் கொடுத்தால் விரியும். இந்தப் புதிய முறையைப் பற்றி ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. 17,642 நோயாளிகளை வைத்து 2024இல் வெளிவந்த ஆய்வில் ஒருவருக்கும் சாப்பாட்டுக் குழாய்க் காயம் இல்லை. ஆனால் அது எல்லா இடத்திலும் கிடைக்காது, சாமான் விலையும் கூட. உங்கள் அம்மாவுக்கு எந்த முறை என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதில் "ஆர்.எஃப்." (ரேடியோ அலைச் சூடு) அல்லது "கிரையோ" (உறையவைப்பது) என்று இருக்கும். மூன்றாவதாக, மின்துடிப்பு என்று பதில் வந்தால் கீழே நான் எழுதுகிற பயம் பெருமளவு குறையும்.

கதீற்றர், இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வின் நூல்களில் சிக்கி, எடுக்க முடியாமல் போவதும் புத்தகங்களில் உண்டு. மிக அரிது, கடந்துபோகலாம்.

அம்மாவின் வயதுப் பெண்களுக்கு மட்டும் ஒன்று சொல்லவேண்டும். டகொட்சுபோ என்பார்கள். 1990இல் ஜப்பான் டொக்டர்மார் வைத்த பெயர். அங்கே கணவாய் இனத்துப் பேய்க்கணவாயைப் பிடிக்க மீனவர்கள் கடலில் இறக்கும் மண்சாடி அது. கழுத்து ஒடுங்கி, அடி உப்பியிருக்கும். பெரிய மன அதிர்ச்சி, உடல் அதிர்ச்சிக்குப் பிறகு இருதயத்தின் இடது கீழறை கொஞ்சக் காலத்துக்கு அந்தச் சாடிபோலவே உப்பிப்போகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்குத்தான் பெரும்பாலும் வரும். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், இ.சி.ஜி. எல்லாம் மாரடைப்புப்போல் இருக்கும். அஞ்சியோ (நாடிகளுக்குள் மருந்து விட்டு எடுக்கும் எக்ஸ்ரே) செய்து பார்த்தால் நாடிகளில் அடைப்பு இருக்காது. அப்லேசனுக்குப் பிறகும் ஒருசிலருக்கு வந்திருக்கிறது. பெரும்பாலும் சில கிழமைகளில் இருதயம் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பயந்து நடுங்கியபடி ஒரு அம்மாவை மேசையில் ஏற்றுவது நல்லதில்லை. போவதென்றால் மாமாவின் கதையை இங்கேயே கேட்டு முடித்துவிட்டு, தெளிந்த மனதோடு போகட்டும்.

கிரையோ முறையில் என் கைக்கு ஒரு வேலை இருந்தது. வலது பக்க நாளங்களை உறையவைக்கும்போது, அதற்குப் பக்கத்தில் ஓடும் பிரெனிக் நரம்பும் குளிரில் விறைத்துப்போகலாம். அந்த நரம்புதான் வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவிலுள்ள மூச்சுத் தசையை இயக்குவது. அதனால் மேலே இருந்து மின்துடிப்புக் கொடுத்து விக்கல்போல் தசையைத் துள்ளவைப்பார்கள், நான் வலது விலாவின் கீழே கையை வைத்திருப்பேன். ஒவ்வொரு துள்ளலும் உள்ளங்கையில் தட்டும். தட்டு மெலிந்தவுடன் "குறையுது" என்று கத்தவேண்டும், உடனே உறையவைப்பதை நிற்பாட்டிவிடுவார்கள். இவ்வளவு இயந்திரம் இருந்தும் கடைசியில் ஒருவருடைய உள்ளங்கையைத்தான் நம்பினோம். நரம்பு பாதிக்கப்பட்டாலும் பெரும்பாலும் சில மாதங்களில் திரும்பிவிடும்.

சரி, இவ்வளவும் லாப்புக்குள். வன்னியிலிருந்து போகிறவர்கள் வாயைத் திறந்து சொல்லவேண்டிய ஒன்று இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை. அம்மாவின் உடம்பில் செல் பீஸ், அதாவது எறிகணைத் துண்டு, இருக்கிறதா? 2009 போரைத் தாண்டி வந்தவர்களில் பலர் அதைப் பல்லுக்குள் அடைத்த ஈயம்போல் மறந்தே போய்விட்டார்கள். எம்.ஆர்.ஐ. எடுப்பதாக இருந்தால் கட்டாயம் சொல்லவேண்டும், காந்தம் அதை அசைக்கும். அப்லேசன் மின்சாரம் வெளியேற முதுகிலோ தொடையிலோ ஒட்டும் தகட்டை உலோகத்துக்கு மேல் ஒட்டுவதில்லை. தொடை மடிப்பில் பழைய காயமோ தழும்போ இருந்தால் நாளம் கிடைப்பது கஷ்டம். நெஞ்சுக் காயத்துக்கு முன்பு சத்திரசிகிச்சை நடந்திருந்தால், டம்பொனேட் வரும்போது குழாய் விடுவதும் சிக்கலாகலாம். இது ஒன்றும் பழைய கதை கிளறுவதில்லை. கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்.

வார்ஃபரினைப் பற்றியும் ஒரு சொல். "ஒப்பரேசனுக்கு முன் இரத்தம் மெலியும் குளிசையை நிற்பாட்டு" என்று ஊரில் எல்லோரும் டொக்டராகிவிடுவார்கள். ஏ.எஃப். அப்லேசனில் பெரும்பாலும் நிற்பாட்டாமல்தான் செய்கிறார்கள், ஐ.என்.ஆர். (இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் பரிசோதனை) 2க்கும் 3க்கும் இடையில் இருக்கவேண்டும் என்று பார்ப்பார்கள். இடையில் விட்டால் மேலறையில் இரத்தம் கட்டியாக உறைந்து, அப்லேசன் நேரம் அது கிளம்பிப் பாரிசவாதம் வரலாம். செய்த பிறகும் குறைந்தது இரண்டு மூன்று மாதம் தொடரவேண்டும். படபடப்பு நின்றுவிட்டது என்று குளிசையை ஒதுக்கி வைத்தவர்களை நான் கண்டிருக்கிறேன். அம்மாவின் ஏ.எஃப்.புக்குப் பின்னால் சின்ன வயது மூட்டுக் காய்ச்சலால் ஒடுங்கிய மைட்ரல் வால்வு இருந்தால், அப்லேசனுக்கு முன்பு வால்வைப் பற்றிய கதை வரவேண்டும். எக்கோ ரிப்போட்டை இன்னொரு முறை காட்டிக் கேளுங்கள்.

முடிந்து திரும்பும்போது அன்றிரவே பஸ் ஏறவேண்டாம். அதிகம் வரும் சிக்கல் தொடை மடிப்பில்தான். இரத்தக் கசிவு, வீக்கம், சில வேளை நாளத்துக்கும் நாடிக்கும் இடையில் ஒரு வழி திறப்பது. முல்லைத்தீவு பஸ்ஸில் இரவு முழுக்கக் காலை மடித்துக்கொண்டு இருந்துவிட்டு மாங்குளத்தில் இறங்கும்போது சேலை நனைந்திருந்த கதை எனக்குத் தெரியும். இரண்டு மூன்று நாள் கொழும்பில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு, முடிந்தால் ரயிலில் வவுனியா வரைக்குமோ மாங்குளம் வரைக்குமோ வாருங்கள். நடுவில் எழும்பி நடக்கலாம். ஒரு கிழமைக்குக் குந்தும் மலசலகூடம் வேண்டாம், கதிரை வைத்துச் சமாளியுங்கள். தண்ணீர் வாளி, சைக்கிள், நெல்லுமூட்டை எதுவும் வேண்டாம். இரத்தம் கசிந்தால் படுக்கவைத்து, காயத்துக்குச் சற்று மேலே பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். இடையில் எடுத்து எடுத்துப் பார்க்கக்கூடாது.

முதல் சில நாட்கள் மூச்சை இழுக்கும்போது நெஞ்சு குத்தலாம், உடம்பு கொஞ்சம் கணகணக்கலாம். மூன்று மாதம் வரைக்கும் படபடப்பு வந்து வந்து போகலாம், அதை வைத்து அப்லேசன் சரிவரவில்லை என்று முடிவுகட்டக்கூடாது. ஆனால் முகம் வெளிறி, தலைசுற்றி, மூச்சு வாங்கினால் உடனே 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். டம்பொனேட் சிலருக்குப் பிந்தியும் வருவதுண்டு.

இப்போது நான் கடைசிக்கு வைத்த விஷயம். இடது மேலறையின் பின்சுவரைச் சுடும்போது அதன் பின்னால் இருக்கும் சாப்பாட்டுக் குழாயிலும் சூடு ஏறி ஒரு புண் உண்டாகலாம். பெரும்பாலானோருக்கு அது தெரியாமலேயே ஆறிவிடும். அதற்காகத்தான் சில கிழமைகளுக்கு ஒமெப்பிரசோல் போன்ற குளிசை தருவார்கள், அதை "காஸ்ரிக் குளிசைதானே" என்று விடக்கூடாது. மிகமிகச் சிலருக்குப் புண் ஆறாமல் ஆழமாகி, குழாய்க்கும் இருதயத்துக்கும் இடையில் ஒரு வழி திறந்துவிடும். குழாயிலுள்ள காற்றும் கிருமியும் சாப்பாட்டுத் துணிக்கையும் இருதயத்துக்குள் போய், அங்கிருந்து மூளைக்குப் போகும். கதீற்றர் அப்லேசனுக்குப் பிறகு இப்படி நடப்பதை உலகம் அறிந்துகொண்டதே 2004 அளவில்தான். 2023இல் 35 நாடுகளிலிருந்து திரட்டிய கணக்கு இருக்கிறது. 5,53,729 அப்லேசன்களில் 138 பேருக்கு. அதாவது 4,000 பேருக்கு ஒருவர். கிரையோவில் அதைவிட மிகமிகக் குறைவு. ஆனால் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இறந்துவிட்டார்கள். சத்திரசிகிச்சை கிடைத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் தப்பினார்கள். வெறும் மருந்தோடு விட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் இறந்தார்கள்.

எண்ணைப் பார்த்துப் பயப்படவேண்டாம், நாளைப் பாருங்கள். அறிகுறி தொடங்கிய சராசரி நாள் 18ஆம் நாள். சிலருக்கு இரண்டு மாதம் வரைக்கும் பிந்தியிருக்கிறது. அந்த நேரம் அம்மா எங்கே இருப்பார்? ஒட்டுசுட்டானில், முற்றத்தில் கோழிக்குத் தீன் போட்டுக்கொண்டு. முதல் அறிகுறி என்ன? பெரும்பாலும் காய்ச்சல். வன்னியில் காய்ச்சல் என்று ஓ.பி.டி.க்குப் போனால் டொக்டர் எதை நினைப்பார்? மழைக்காலமென்றால் டெங்கு. வயலில் நின்றவர் என்றால் எலிக்காய்ச்சல். அவருக்கு அது பிழையில்லை, நூறு காய்ச்சலில் தொண்ணூற்றொன்பது அப்படித்தான் இருக்கும். பனடோலும் இரத்தப் பரிசோதனையும் எழுதி அனுப்புவார். இரண்டு நாளில் வாய் கோணி, கை விழும். அப்போதும் "ஏ.எஃப். இருக்கிறவர், பாரிசவாதம் வந்துவிட்டது" என்றுதான் தோன்றும். ஒருவரும் அப்லேசனைப் பற்றி வாயே திறந்திருக்கமாட்டார்கள், தழும்புகூட இல்லாத சிகிச்சை அது.

அதைவிட மோசமானது இன்னொன்று. விழுங்கும்போது வலிக்கிறது, இரத்தமாகச் சத்தி எடுத்தார் என்று போனால், எண்டோஸ்கொப்பி விடலாம் என்று நல்லெண்ணத்தில் யாராவது நினைக்கலாம். எண்டோஸ்கொப்பி செய்யும்போது காற்றை ஊதித்தான் குழாயை விரிப்பார்கள். அந்தக் காற்று ஓட்டை வழியாக நேரே இருதயத்துக்குள் போகும். அந்த மேசையிலேயே உயிர் போனவர்கள் இருக்கிறார்கள். செய்யவேண்டியது நெஞ்சுக்குச் சி.ரி. ஸ்கான். சந்தேகம் என்றால் வாயால் ஒன்றும் கொடுக்காமல், இருதய சத்திரசிகிச்சை இருக்கும் இடத்துக்கு மாற்றுவது.

ஆகவே கொழும்பு வாட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன் டயக்னோசிஸ் காட்டை (வீட்டுக்கு விடும்போது தரும் நோய் விபர அட்டையை) கையில் வைத்துப் படித்துப் பாருங்கள். இடது மேலறை அப்லேசன் செய்தது, செய்த திகதி, எந்த முறை என்று தெளிவாக இருக்கவேண்டும். இரண்டு மாதத்துக்குள் காய்ச்சல், விழுங்க வலி, நெஞ்சு வலி, பாரிசவாத அறிகுறி எதுவும் வந்தால் எண்டோஸ்கொப்பி செய்யாமல் சி.ரி. எடுக்கச் சொல்லி ஒரு வரி எழுதித் தரும்படி டொக்டரிடம் கேளுங்கள். எழுதித் தருவார்கள், கேட்கிறவர்கள்தான் இல்லை. வாட் தொலைபேசி இலக்கத்தையும் அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள். காட்டைப் போட்டோ எடுத்து உங்கள் போனிலும் தம்பியின் போனிலும் வைத்திருங்கள். பிறகு அந்த இரண்டு மாதத்தில் எந்த டொக்டரைப் பார்த்தாலும், பல்லுக் கொதிக்கென்று போனாலும், முதல் வசனம் இதுதான்: "அம்மாவுக்கு இன்ன திகதி இருதயத்துக்குள் அப்லேசன் செய்தது."

இதே இரண்டு மூன்று மாதத்துக்குப் பிறகு, இருமலும் சளியில் இரத்தமும் வந்தால் கசநோய் என்று மட்டும் நினைத்துவிடாமல் நுரையீரல் நாளம் ஒடுங்கியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லவேண்டும். அதுவும் அரிதுதான்.

செய்யலாமா வேண்டாமா என்று நேரே கேட்டால், என் சொந்த அபிப்பிராயம் இது. கபானா ஆய்வில் 2,204 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தபோது, அப்லேசன் ஆயுளைக் கூட்டியதாக உறுதியாகக் காட்ட முடியவில்லை. படபடப்புக் குறைந்தது, அன்றாட வாழ்க்கை நன்றாக மாறியது. ஆகவே அம்மாவுக்கு அரை நாள் படபடப்பு எவ்வளவு இடைஞ்சல் என்பதுதான் கேள்வி. குளிசையோடு வயல், சந்தை, சமையல் எல்லாம் ஓடுகிறதென்றால் பொறுத்துப் பார்ப்பதில் பிழையில்லை. படபடப்பு வந்தால் எழும்ப முடியாமல் கிடக்கிறார், குளிசையும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் என் அம்மாவாக இருந்தால் நான் கூட்டிக்கொண்டு போவேன். இருதயம் சோர்ந்துவிட்டது என்று எக்கோவில் சொல்லியிருந்தால் தாமதிக்கவேமாட்டேன், ஏனென்றால் அப்படிப்பட்டவர்களுக்கு அப்லேசனின் பலன் கூட.

வற்றாப்பளைப் பொங்கலுக்கு வருகிறேன். திகதியைப் பார்த்தால் அப்லேசனும் வைகாசி விசாகமும் ஒரு கிழமை இடைவெளியில் வருகின்றன போல இருக்கிறது. முதல் கிழமையில் அந்தச் சனத்துக்குள் நடக்கவோ, பாற்செம்பு தூக்கவோ, இரவு முழுக்க வெறுந்தரையில் குந்தியிருக்கவோ முடியாது. அம்மாவுக்கு நேர்த்தி முக்கியம் என்றால் கொழும்புக்கு ஒரு போன் எடுத்து, பொங்கல் முடிந்து ஒரு திகதி தரச் சொல்லிக் கேளுங்கள். இடைவிட்டு வருகிற ஏ.எஃப்.புக்கு ஒரு மாதம் தள்ளிப்போவது பெரிய விஷயம் இல்லை, மாற்றித் தருவார்கள். அதுவரைக்கும் வார்ஃபரினை ஒரு நாளும் விடவேண்டாம், விரத நாளிலும்.